ஒரே கதிர்வீச்சு... ஒருவருக்குப் பலன், இன்னொருவருக்கு இல்லை! ஏன்? மைக்ரோ ஆர்.என்.ஏ. சொல்வது என்ன?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் உள்ளன. இரும்பு, எஃகு வார்ப்பு வேலை, வெல்டிங் புகை இரண்டையுமே புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. இவற்றால் அதிகரிப்பது முக்கியமாக நுரையீரல் புற்றுநோய் அபாயம்.

அந்த நோய்க்குக் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரம் 5 நாள், சுமார் 6 வாரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு 45 கி.மீ.க்கு மேல். இத்தனை நாள் அலைந்தும் கட்டி சுருங்காவிட்டால்? இங்கேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வு முக்கியமாகிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. அப்படின்னா என்ன?

செல்லுக்குள் எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மிகச்சிறிய மூலக்கூறு. 1993-ல் ஒரு சிறு புழுவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. இதற்காக அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். மனித உடலில் 1,000-க்கும் அதிகமான வகைகள் இருக்கின்றன.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சில வகைகள் பிரேக் மாதிரி. சில ஆக்ஸிலரேட்டர் மாதிரி. ஒருவகை ரத்தப் புற்றுநோயில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு பிரேக்குகள் காணாமல் போவது 2002-ல் தெரியவந்தது. மிர்-21 இதற்கு நேர்மாறு. பல புற்றுநோய்களில் அது அளவுக்கு மீறிக் காணப்படுகிறது.

கதிர்வீச்சில் என்ன நடக்கிறது?

கதிர்வீச்சு, புற்றுசெல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைந்ததைச் செல் சரிசெய்துகொண்டால் அது பிழைத்துவிடும். லெட்-7 அளவை உயர்த்தியபோது நுரையீரல் புற்றுசெல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் பணிந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டின. மிர்-21 அதிகமானால் செல்கள் தாக்குப்பிடிக்கின்றன.

அப்போ இதை வைத்து மருந்து கொடுக்கலாமே?

அவ்வளவு சுலபமில்லை. மிர்-34 அடிப்படையிலான மருந்தின் மனிதச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது. யாருக்குக் கதிர்வீச்சு பலன் தரும் என்று முன்கூட்டியே சொல்லும் மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனையும் இன்னும் வழக்கமான சிகிச்சையின் பகுதியாகவில்லை. அதனால் அதற்காகக் காத்திருந்து, டாக்டர் சொன்ன கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது.

தொழிலாளர்கள் இப்போது செய்ய வேண்டியது?

விடாத இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள், தகுதி நிபந்தனைகள் பூர்த்தியானால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதத்தை 2 ஆண்டு வரை பெற முடியும். சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருக்க, இந்தத் தொகை பெரிய கைகொடுப்பு.