பட்டியலை எழுதும் கையை யார் தேர்ந்தெடுப்பது?

2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாட்டின் 97 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. 6 கோடியே 41 லட்சமாக இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கிவிட்டது. நீக்கப்பட்டோரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம் பேர். இரட்டைப் பதிவுகள் 3 லட்சத்து 39 ஆயிரம். எஞ்சிய 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். நம் கவலை இந்தக் கடைசி வகையினரைப் பற்றியது. போடிநாயக்கனூரின் சேரிகளில் முகவரியில் காணப்படாமல் இருப்பது என்பது பிழைப்பின் இன்னொரு பெயர்.

போடி, தேவாரம், கோம்பை பகுதிகளிலிருந்து விடியுமுன் புறப்படும் ஜீப்புகள் போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் உடும்பன்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்கின்றன. அவர்களில் பெரும்பகுதியினர் தலித் பெண்கள். பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்புவார்கள். குடும்பத்தோடு மேலேறி, தோட்டத்து லயங்களில் வாரக்கணக்கில் தங்கிக் காய் எடுப்போரும் உண்டு. சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் கணக்கீட்டுப் படிவங்கள் வழங்கப்பட்டதும் திரும்பப் பெறப்பட்டதும் நவம்பர் 4 முதல் டிசம்பர் 14 வரையிலான நாட்களில். ஏலக்காய் அறுவடையும் வடகிழக்கு மழையும் சேர்ந்து வரும் பருவம் அது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் மூன்று முறை வரவேண்டும் என்பது விதி. மூன்று முறையும் பகலில் வந்தால் மூன்று முறையும் பூட்டைத்தான் பார்த்திருப்பார்.

சட்டம் இவ்வளவு கண்மூடித்தனமானது அன்று. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20, தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதாலேயே ஒருவர் தம் வழக்கமான வசிப்பிடத்தை இழந்துவிடுவதில்லை என்று தெளிவாகவே கூறுகிறது. ஆனால் 'தற்காலிகம்' எது, 'குடிபெயர்வு' எது என்று முடிவு செய்வது சட்டப் புத்தகம் அன்று. படிவத்தில் குறியிடும் கை.

அந்தக் கை யாருடையது? அதனை நியமிப்பது யார்?

அமெரிக்காவின் பல மாநிலங்கள் இதற்கு நேரடியாக விடை சொல்கின்றன. அங்கே தேர்தலை மேற்பார்வையிடும் மாநிலச் செயலாளரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு அரிசோனா, நெவாடா, மிச்சிகன் ஆகிய மாநிலங்களில் அப்பதவிக்குப் போட்டியிட்டு, 2020 அதிபர் தேர்தல் முடிவையே ஏற்க மறுத்தவர்கள் தோற்றார்கள். 2026 நவம்பரில் மீண்டும் பல மாநிலங்களில் இத்தேர்தல் வருகிறது. இந்த ஏற்பாடு இங்கும் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் வாதிடுகிறார்கள். நாம் உடன்படவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் 2018ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றே போதும். மாநிலச் செயலாளராக இருந்த பிரையன் கெம்ப் அப்பதவியிலிருந்து விலகாமலே ஆளுநர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் கறுப்பினப் பெண்ணான ஸ்டேசி ஆபிரகாம்ஸ். பெயரின் எழுத்துகள் அரசு ஆவணங்களோடு துல்லியமாகப் பொருந்தவில்லை என்று சுமார் 53,000 வாக்காளர் விண்ணப்பங்கள் நிலுவையில் வைக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு கறுப்பின மக்களுடையவை. கெம்ப் சுமார் 55,000 வாக்குகளில் வென்றார். மக்கள் தேர்ந்தெடுத்த அதிகாரிதான் அவர். ஆனால் எந்த மக்கள்?

தமிழ்நாட்டில் அப்படியொரு தேர்தல் நடந்தால் யார் நிறுத்தப்படுவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாம் 20 விழுக்காடு. வேட்பாளரை மாவட்டந்தோறும் சாதிக் கணக்குப் போட்டுத் தேடும் கட்சிகள், வாக்காளர் பட்டியலைக் காப்பவரை மட்டும் வேறு கணக்கில் தேடுமா?

இன்றைய நியமன முறையும் நமக்குப் பாதுகாப்பு அன்று. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி, அதே சட்டத்தின் 13ஏ பிரிவின்படி, மாநில அரசைக் கலந்தாலோசித்துத் தேர்தல் ஆணையத்தால் நியமிக்கப்படுபவர். இத்திருத்தத்தின்போது அப்பொறுப்பில் இருந்தவர் அர்ச்சனா பட்நாயக். இப்பொறுப்புக்கு வரும் இந்திய ஆட்சிப்பணி அதிகாரிகள் நாளை மாநில அரசின் வேறொரு துறைக்கே திரும்பக்கூடியவர்கள். மேலே, தில்லியில், நிலைமை இன்னும் மோசம். 2023 மார்ச் 2 அன்று அனூப் பரன்வால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவே தேர்தல் ஆணையர்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்தது. தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் பெயரிடும் ஒன்றிய அமைச்சர் அமர்ந்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு நிரந்தரமாயிற்று. 2025 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவரின் மாறுபட்ட கருத்தை மீறி ஞானேஷ் குமார் தலைமைத் தேர்தல் ஆணையரானது இச்சட்டத்தின்படிதான். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் இத்திருத்தத்தை அறிவித்தவரும் அவரே.

இங்கே அண்ணல் அம்பேத்கரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் முதல் வரைவு மாநிலங்களுக்குத் தனித்தனித் தேர்தல் ஆணையங்களை வகுத்திருந்தது. 1949 ஜூன் 15 அன்று அண்ணல் அதை மாற்றி, ஒரே மைய ஆணையத்தை முன்மொழிந்தார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை இன்றைய விவாதங்களில் எவரும் நினைவூட்டுவதில்லை. சில மாகாணங்களில் இனத்தாலோ மொழியாலோ பண்பாட்டாலோ தம்மவர் அல்லாதோரை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விடும்படி அலுவலர்கள் நடத்தப்படுகிறார்கள் என்று வந்த செய்திகளே காரணம் என்றார். ஆக, இந்த ஆணையம் பிறந்ததே பட்டியலிலிருந்து விலக்கப்படுவோரின் பொருட்டு. ஆணையரின் நியமனத்துக்கு நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என ஷிப்பன்லால் சக்சேனா கேட்டபோது, தகுதியற்றவரோ ஆட்சியாளரின் கைக்குள் அடங்கியவரோ அப்பதவிக்கு வருவதைத் தடுக்க வரைவில் வழியில்லை என்பதை அண்ணல் மறைக்கவில்லை. அந்த ஓட்டை 76 ஆண்டுகளாக அடைபடவில்லை.

மலைச்சரிவில் வாழ்வோருக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கேரளத்திலும் இதே வேளையில் திருத்தம் நடந்தது. டிசம்பர் 23 அன்று வெளியான அங்குள்ள வரைவிலும் சுமார் 24 லட்சம் பெயர்கள் இல்லை. உடும்பன்சோலை, தேவிகுளம் தொகுதிகளில் தமிழ்த் தொழிலாளருக்கு இரட்டை வாக்கு இருக்கிறது என்ற குற்றச்சாட்டு தேர்தல்தோறும் எழுவது வாடிக்கை. இரண்டு இடத்தில் பதிவு இருப்பது சட்டப்படி தவறு. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இருபுறமும் ஒரே நேரத்தில் 'இவர் அந்தப் பக்கத்து ஆள்' என்று எழுதப்பட்டால் அவர் எந்தப் பக்கத்து வாக்காளர்? தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற அ. ராஜாவின் கதை இதற்குச் சான்று. அவர் கேரளத்துப் பட்டியல் சாதியினராக ஏற்கத் தக்கவர் அல்லர் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் அவரது வெற்றியையே செல்லாததாக்கியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. பாட்டன் காலத்திலேயே குண்டளைத் தோட்டத்துக்கு வந்துவிட்ட குடும்பம் அது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால் லயத்துக் கூலிக்கு?

மலையின் கடைக்கோடியில் இருக்கும் வாக்குச்சாவடிகளுக்கு, சாலை இல்லாத காரணத்தால், வாக்கு இயந்திரத்தைக் குதிரை முதுகில் ஏற்றிச் செல்வதைத் தேர்தல்தோறும் படமெடுத்துக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். அதே அக்கறையோடு ஒரு படிவத்தையும் மேலேற்றியிருக்கலாம்.

எனவே நாம் கேட்பது தேர்தல் அதிகாரிக்கு ஒரு தேர்தல் அன்று. ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இல்லாத தேர்வுக்குழு வேண்டும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, எந்த அரசும் இடையில் மாற்ற முடியாத பதவிக்காலம் வேண்டும். அதைவிட உடனடியாக, நீக்கப்பட்ட பெயர்களைக் காரணத்தோடு ஒவ்வொரு காலனியிலும், ஜீப் திரும்பிய பின் இரவு வேளையில், உரக்கப் படிக்க வேண்டும்.

ஆட்சேபணைக்கும் சேர்ப்புக்கும் 2026 ஜனவரி 18 வரை அவகாசம் என்று முதலில் அறிவித்தார்கள். பெயர் விடுபட்டோர் படிவம் 6ஐ உறுதிமொழிப் படிவத்தோடு கொடுக்க வேண்டும். 2002 அல்லது 2005 பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்தால் அதைக் குறிப்பிடலாம். இல்லையெனில் சாதிச் சான்றிதழும் அரசு வழங்கிய வீட்டுமனை ஒப்படைப்புச் சான்றும் ஏற்கப்படும் ஆவணங்களே. 'அது செல்லாது' என்று எவரேனும் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வாக்காளர் பதிவு அலுவலர் மறுத்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அவரும் மறுத்தால் 30 நாட்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. அதைக் கேட்டு முடிவு செய்பவர் சென்னையில் இருக்கும் அதே தலைமைத் தேர்தல் அதிகாரி. போடியிலிருந்து சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள் ரயில் இருக்கிறது.