சிலிண்டர் வெளியே போனது, தீ ஏன் அடங்கியது?



காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் பலரும் கேஸ் சிலிண்டரை அடுப்பு மேடைக்கு அடியிலிருந்து எடுத்துப் பின்கட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அறைக்குள் கசிந்தால் தரையோடு தங்கும், திறந்த வெளியில் கலைந்துவிடும். நாங்களும் அப்படித்தான் மாற்றினோம். அதன்பிறகு பட்ட பாடு இன்னொருவருக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

மாற்றிய மறுநாளிலிருந்தே அடுப்பு சரியாக எரியவில்லை. ஒரு பர்னர் எரிந்தால் பரவாயில்லை. இரண்டாவதைப் பற்றவைத்ததும் இரண்டும் சுருங்கிவிடும். பேத்தி வந்திருந்தபோது என் மனைவி வெள்ளைப் பணியாரம் ஊற்றினாள். எண்ணெய் சரியாகக் காயவில்லை. பணியாரம் உப்பாமல், எண்ணெய் குடித்துத் தட்டையாகக் கிடந்தது. "மாவுப் பதம் தப்பிருச்சு போல" என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள்.

பர்னரைக் கழற்றிக் கழுவினோம். ரெகுலேட்டரை மாற்றினோம். புது சிலிண்டரும் போட்டுப் பார்த்தோம். குழாய் போட்டவரைக் கேட்டால், "பைப்புல காத்து அடைச்சிருக்கும் சார், போகப்போகச் சரியாயிடும்" என்றார். குழாயில் இருக்கும் காற்று முதல் நாளே வெளியேறிவிடும். மூன்று வாரமா உட்கார்ந்திருக்கும்? எனக்கு அது உறைக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பால் வைத்திருந்தாள். ஜன்னல் காற்றில் அந்தச் சின்னத் தீ அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. நாற்றம் கூடத்துக்கு வந்தபிறகுதான் ஓடினோம். அடுப்பையும் சிலிண்டரையும் அடைத்தோம், கதவுகளைத் திறந்தோம், ஒரு சுவிட்சையும் தொடவில்லை. தப்பித்தோம்.

மறுநாள் ஏஜென்சியிலிருந்து வந்த மெக்கானிக் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "சார், அடுப்புல குறையே இல்ல. பைப்தான் சின்னது. எங்கயோ நசுங்கியும் இருக்கு" என்றான். டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். சுவர் திரும்புகிற இடத்தில் செம்புக் குழாய் மடிந்து நசுங்கியிருந்தது.

கணக்கு எளிது. சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். ஆனால் ரெகுலேட்டரைத் தாண்டி வருவது வெறும் 30 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம்தான். பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் உயரம்! அந்தச் சிறிய அழுத்தம்தான் நீளமான குழாய் முழுவதும் வாயுவைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு வாயு போவதற்கு அழுத்த இழப்பு 16 மடங்குக்குக் குறையாது. இரண்டு பர்னரையும் எரித்தால் வாயு கூடுதலாக ஓட வேண்டும், இழப்பும் கூடும். அதனால்தான் ஒன்று எரிந்தது, இரண்டு எரியவில்லை.

என் கருத்து இதுதான். சமையலறைக்கு லட்சக்கணக்கில் செலவு செய்கிறோம். டைல்ஸ் நிறத்துக்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம். கேஸ் குழாயை மட்டும் தண்ணீர்க் குழாய் போடுகிறவர் கையில் இருந்ததைக் கொண்டு முடித்துவிடுகிறோம். அவரைக் குறை சொல்லி என்ன? விசாரிக்காமல் ஒப்படைத்த நான்தான் முதல் குற்றவாளி.

சிலிண்டரை மாற்றுகிறவர்கள், டைல்ஸ் ஒட்டும் முன்பே ஏஜென்சி மெக்கானிக்கை அழைத்து, தூரத்தையும் அடுப்பையும் பார்த்துக் குழாய் அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள். குழாய் கண்ணில் படும்படி சுவரின் மேலேயே போகட்டும். அடுப்புக்குப் பக்கத்திலும் ஒரு அடைப்பான் இருக்கட்டும். ராத்திரி பின்கட்டுக்குப் போய் மூட யாருக்கும் நினைவு வராது. ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சுவருக்குள் போகவே கூடாது. இணைப்புகளைச் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும், சாக்கடைக் குழி பக்கத்தில் வேண்டாம். கசிவென்றால் 1906 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டுக்கு வெளியே வந்து பேசுங்கள்.

தீ சிறுத்தால் அடுப்பையும் மாவையும் மட்டும் சந்தேகப்படாதீர்கள். வழியையும் பாருங்கள்.

குழாயை மாற்றிய பிறகு பணியாரம் நன்றாக உப்பியது. மாவுப் பதத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று இங்கே பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறேன்.