பொங்கலுக்குப் புத்தகம் கொடுப்போம்!



பொங்கல் வருகிறது. மில்லுக்கு விடுமுறை. கையில் நாலு காசு புரளும் ஒருசில நாட்களில் இதுவும் ஒன்று. அந்தக் காசுக்காக ஜவுளிக் கடைக்காரர் விளம்பரம் செய்கிறார். வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். பிள்ளைக்குச் சட்டை, மனைவிக்குச் சேலை, கரும்பு, மஞ்சள் கொத்து இவையெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. வருஷம் முழுவதும் உழைத்தவர்களுக்கு ஒரு நாள் மகிழ்ந்திருக்க உரிமை உண்டு. நாம் கேட்பது ஒன்றுதான். இந்தச் செலவுப் பட்டியலில் ஒரு புத்தகமும் சேரட்டும்.

"வயிற்றுக்கே வழியில்லை, புத்தகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தஞ்சைச் சீமையில் பண்ணையாளின் பிள்ளை மாடு மேய்த்தான். மிராசுதாரின் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். கணக்கு எழுதியவன் ஒருவன். கைநாட்டு வைத்தவன் இன்னொருவன். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பெருவிரலை மையில் தோய்த்தவர்கள் நம் பாட்டன்மார். எழுத்து வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை.

இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பரீட்சைக்கான புத்தகம் மட்டுமே. பரீட்சை முடிந்ததும் அது பழைய காகிதக் கடைக்குப் போய்விடுகிறது. "இது என்னுடையது" என்று சொல்லிக்கொள்ள ஒரு கதைப் புத்தகம் எத்தனை பிள்ளைகளிடம் இருக்கிறது?

கு. அழகிரிசாமி 'அன்பளிப்பு' என்று ஒரு கதை எழுதினார். அந்தப் பெயரில் வந்த சிறுகதைத் தொகுதிக்கு 1970-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் புத்தகம் கொடுத்துப் பழகிய ஒரு மனிதர். அவர் கவனத்தில் படாமல் ஒதுங்கியே நிற்கும் சாரங்கன் என்ற சிறுவன். கடைசியில் அவனே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். பரிசு கிடைக்காத குழந்தையின் மனம் என்ன பாடுபடும் என்பதை அந்தக் கதை படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். நம் தெருவிலும் சாரங்கன்கள் இருக்கிறார்கள்.

சரி, எந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது?

எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறு பிள்ளைக்கு அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' கொடுங்கள். பாட்டாகப் பாடிக்கொண்டே எழுத்துப் பழகிவிடும். 1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் படக்கதைப் புத்தகங்களும் நல்லவை, விலையும் மலிவு.

ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைக்குச் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்'. கிர்கீசிய மலைக் கிராமம் ஒன்றில், தானே அரைகுறையாகப் படித்த இளைஞன் ஒருவன், பழைய குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான். குளிர்ந்த ஓடையைக் கடக்க முடியாத குழந்தைகளைத் தூக்கிச் செல்கிறான். விஞ்ஞானத்தில் ஆசையுள்ள பையனுக்குப் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' கொடுக்கலாம். சோவியத் யூனியன் 1991-இல் கலைந்த பிறகு அங்கே அச்சான தமிழ்ப் புத்தகங்கள் வருவது நின்றுபோயிற்று. ஆனாலும் அவற்றில் பலவற்றை இங்குள்ள பதிப்பகங்கள் மறுபடி அச்சிட்டிருக்கின்றன. தேடினால் கிடைக்கும்.

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட மகனுக்கும் மகளுக்கும் 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக வேலை செய்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் தமிழில் கொடுத்திருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்துப் போகப்பட்டவர்கள் ஆனைமலைக் காட்டில் பட்ட பாடு இது. முன்பணம், மேஸ்திரி, தங்குமிடம் என்று பேசி இன்றும் பெண் பிள்ளைகளை மில்லுக்கு ஆள் பிடிக்கிறார்கள் அல்லவா? அவர்கள் இதைப் படிக்கட்டும்.

மனைவிக்கும் தங்கைக்கும் ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்'. இளம் வயதில் விதவையாகி, ஊர் விதித்த கட்டுகளை உதறி, வேட்டியும் சட்டையும் அணிந்து விவசாயத் தொழிலாளர்களோடு நின்ற மணலூர் மணியம்மையின் வாழ்க்கை அது.

தாய்க்குக் கார்க்கியின் 'தாய்', தமிழாக்கம் தொ.மு.சி. ரகுநாதன். அந்தக் கதையில் வரும் தாய் வயதான காலத்தில்தான் எழுத்துப் படிக்கிறாள். ரகுநாதனே எழுதிய 'பஞ்சும் பசியும்' (1953) நெசவாளர் வாழ்க்கையைச் சொல்வது. தறியும் நூலும் அறிந்த பெரியவர்களுக்கு அது தங்கள் கதையாகவே இருக்கும்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே!" என்பீர்கள். படித்துக் காட்டுங்கள். கியூபாவின் ஹவானா நகரில் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865-இலேயே இதைச் செய்தார்கள். கை சுருட்டு சுற்றும்போது காது கேட்கும். ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார்; அவர் கூலியை மற்றவர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை போட்டது. ஆட்சியாளர் எதற்குப் பயந்தார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தடை நிலைக்கவில்லை, படிப்பு நிலைத்தது. நம் பக்கத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர்களும் இப்படித்தான் படிக்கக் கேட்டு வளர்ந்தார்கள். பொங்கல் நாளில் திண்ணையில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க முடியாதா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பரிசு என்று சொல்லிவிட்டு உபதேசத்தைக் கொடுக்காதீர்கள். பத்து வயதுப் பையனிடம் பொருளாதார நூலைத் திணித்தால் புத்தகம் என்றாலே ஓடிப் போவான். சிரிக்க வைக்கும் கதையும், பேய்க் கதையும்கூட நல்ல பரிசுதான். படிப்பில் ருசி பிறந்துவிட்டால், மற்றதை அவனே தேடிக்கொள்வான்.

செலவு அதிகம் என்றால் கூடி வாங்குங்கள். ஒரே லைனில் குடியிருக்கும் ஐந்து குடும்பங்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொண்டால், ஒரு புத்தகத்தின் விலையில் ஐந்து படிக்கலாம். பொங்கலை ஒட்டிச் சென்னையில் 1977 முதல் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. விலையில் தள்ளுபடியும் கிடைக்கும். அங்கே போகிறவரிடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் கொடுத்து அனுப்பலாம். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுவே முதல். வீட்டு வரியோடு நூலகத்துக்கும் சேர்த்துத்தான் வசூல் செய்கிறார்கள். ஆகவே ஊர் நூலகம் நம் காசில் நடப்பது. பிள்ளையை அங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடுவதும் ஒரு பொங்கல் பரிசுதான்.

புதுச் சட்டை அடுத்த பொங்கலுக்குள் கிழிந்துவிடும். புத்தகம் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் போகும். வாங்குங்கள், முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். கைநாட்டு வைத்த பரம்பரையின் வீட்டில் அந்தப் பெயர் நிற்கட்டும்!