பூட்டுப் போட்ட படிப்பு வேண்டாம்!

கேரளத்தில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படம் தயாரிக்கிறார்கள்; தாங்களே விளையாட்டுக்களை உருவாக்குகிறார்கள்; மலையாளத்தில் பள்ளிப் பத்திரிகையும் நடத்துகிறார்கள். 2018ல் துவங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் 2000க்கு மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகின்றன. பிள்ளைகள் கையாள்வது எந்தக் கம்பெனியும் பூட்டி வைக்காத கட்டற்ற மென்பொருள்.

மென்பொருள் என்பது கம்ப்யூட்டரை ஓட்டும் கட்டளைத் தொகுப்பு. பெருங்கம்பெனிகள் அதை மூடி முத்திரையிட்டு விற்கின்றன. திறந்து பார்க்காதே, திருத்தாதே, பிறருக்குக் கொடுக்காதே என்பது நிபந்தனை. தறியை ஆலைக்கு விற்றுவிட்டு, பிட்டர் அதன் மூடியைக் கழற்றக் கூடாது என்றால் ஒப்புவோமா? விளைந்த நெல்லில் விதைநெல் எடுத்து வைக்காதே என்றால் விவசாயி சும்மா இருப்பானா?

இந்த அநீதியை எதிர்த்து 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ வெளியிட்டார். பல நாட்டு உழைப்பாளிகள் கூடி அதை வளர்த்தார்கள். இன்று பெருங்கம்பெனிகளே அந்தக் கூட்டு உழைப்பின் மீது நின்று லாபம் குவிக்கின்றன!

கேரளத்திலும் இது தானாகக் கனியவில்லை. 2001ல் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் வந்தபோது கம்பெனி மென்பொருளே புகுந்தது. ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஊழியர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. 2 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019ல் அங்கே கணக்குக் கூறப்பட்டது.

பணம் மட்டுமா மிச்சம்? ‘ஸ்க்ராட்ச்’ என்றொரு சாதனம் உண்டு. கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளைக் கோர்த்தால் திரையில் பூனை நடக்கும். தப்பாகக் கோர்த்தால் தப்பாக நடக்கும். ஏன் என்று பிள்ளை தானே தேடும், திருத்தும். அடுத்த பிள்ளை செய்த விளையாட்டையும் திறந்து பார்த்து மாற்றும். விளையாட்டாகவே அது கற்பது பெரிய பாடம்: இயந்திரம் மந்திரமல்ல, மனிதன் செய்தது; மனிதனால் மாற்றக் கூடியது.

பூட்டிய மென்பொருளில் பொத்தானை அமுக்க மட்டும் பழகும் பிள்ளை, நாளை அந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரனாகத்தான் வெளியே வரும். இதற்கா நமது வரிப்பணம்?

தமிழகத்தின் ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் கட்டற்ற மென்பொருள் வேண்டும். தமிழிலே பாடம், ஆசிரியருக்குப் பயிற்சி, பிள்ளைகளுக்கு விளையாடிப் பழக நேரம் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள். இந்தக் கோரிக்கையை எழுப்புங்கள்!