மலை ஏறி வந்த பாட்டு

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலைநாட்டுத் தோட்டங்களில் வார இறுதி இரவுகள் ஒரு புதுக் களை பெற்றிருந்தன. புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த சிறுமி ஒருத்தி, ஸீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப' சிறுவர் போட்டியிற் பாடச் சென்றிருந்தாள். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயங்கள் தோறும் அவளைக் காணக் கூட்டம் கூடிற்று. அந்தப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றாள் என்பதையும், மலைநாட்டுப் பிள்ளையை எல்லாரும் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினர் என்பதையும் நேயர்கள் அறிவர். அவள் பாடியதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். அந்தப் பாட்டு கடலையும் மலையையும் கடந்து ஒரு காம்பிராவின் சுவர் வரைக்கும் எவ்வழியாக வந்தது என்பதையே இவ்வாரம் நாம் சொல்லக் கருதுகின்றோம். வந்த வழியைக் காட்டிலும் போகும் வழியே கடினமானது என்பதும் இடையிடையே தெரியவரும்.

தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும். இருட்டில் 'டோர்ச்' விளக்கை அடித்தால் ஒளி எவ்வாறு ஒரு பாறையின் முன்புறத்தில் விழுந்து பின்புறத்தை இருளில் விடுகின்றதோ, அவ்வாறே மலையின் மறுபுறம் அலைக்கும் நிழலாகிவிடுகின்றது. ஆதலால் அலையைப் பரப்புவோர் உயர்ந்த சிகரத்தை நாடுவர். நம் நாட்டில் அதற்கு வாய்த்தது பீதுருதலாகலை. அதன் உயரம் 2,524 மீற்றர். 1982 பெப்ரவரி 15ஆம் நாள், ஜப்பானிய அரசின் நன்கொடையால் உருவான ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கொழும்புக் கலையகத்தில் எழுந்த படத்தை நாட்டுக்கு வழங்கும் பெரும் பொறுப்பு இந்த மலையுச்சிக்கே வந்து சேர்ந்தது.

அத்தனை உயரத்திலிருந்து புறப்படும் அலை, கணக்குப்படி ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அடிவானம் வரை எட்டும். ஆனால் தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மக்கள் அதற்கு அப்பாலிருந்தும் எண்பதுகளில் ரூபவாஹினியைக் கண்டு களித்தனர். வெப்பநிலை மாறுபட்ட காற்றடுக்குகள் கடலின்மேல் படிந்து நிற்கும் வேளைகளில், அவை அலையை வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆயின் மலையடிவாரத்துக் கதை வேறு. கடல் தாண்டியவர் தெளிவாகப் பார்த்த படம், மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற பள்ளத்தாக்குகளில் இடத்துக்கு இடம் மாறிற்று. தோட்டத்தின் மேற்பிரிவில் படம் தெரியும். கீழ்ப்பிரிவில் வெண்பனி கொட்டும். எதிர்மலையில் மோதித் திரும்பிய அலை சற்றே பிந்தி வந்து சேர்வதால், ஒரு பாடகருக்குப் பக்கத்திலே இன்னொரு மங்கலான பாடகர் நிற்பதும் உண்டு. குழாயையும் மூங்கிலையும் இணைத்து அன்ரனாவைக் கூரைக்கு மேலே உயர்த்தினர். ஒருவர் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கூவுவது அக்காலத்துக் காட்சி. மின்சாரம் வராத லயங்களில் மோட்டார் வண்டியின் பற்றறி ஒன்றே துணை. அதைப் பட்டணத்துக்குச் சுமந்து சென்று மின்னேற்றிக் கொண்டுவரவேண்டும். பாட்டின் நடுவிலே படம் சுருங்கத் தொடங்கினால், பற்றறி தீர்ந்தது என்று பொருள்.

மலை தந்த இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டிகளுள் மிகவும் பெயர்பெற்றது ஐரோப்பாவில் நடைபெறும் 'யூரோவிஷன்'. அதன் பிறப்பே ஒரு மலைக்கணவாயோடு தொடர்புடையது. 1954ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் எட்டு, தத்தம் தொலைக்காட்சிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க முனைந்தன. நடுவிலே ஆல்ப்ஸ் மலைத்தொடர் மதில்போல் நின்றது. சுவிற்சர்லாந்தில் 3,400 மீற்றருக்கு மேல் உள்ள யுங்ஃபிராவ்யோக் கணவாயில் பொறியியலாளர் நுண்ணலைக் கருவிகளை ஏற்றி வைத்து, வடக்கிலிருந்து வரும் படத்தை வாங்கித் தெற்கே இத்தாலிப் பக்கத்துக்கு அஞ்சல் செய்தனர். ஒரு சிகரத்திலிருந்து மறு சிகரத்தை நேரே பார்க்கவேண்டும் என்பதே விதி. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் மொன்றோ நகரின் மலர் விழா இவ்வழியே பல நாட்டு வீடுகளுக்குச் சென்றது.

வழி அமைந்துவிட்டது. அவ்வழியே எதனை அனுப்புவது? நாடகம் அனுப்பினால் மொழி தடை. பாட்டுக்கு அந்தத் தடை குறைவு. இவ்வாறு 1956 மே 24ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகள் நாட்டுக்கு இரண்டாகப் பதினான்கு பாட்டுக்களோடு கூடின. விருந்தளித்த நாட்டின் லீஸ் அசியா என்னும் பாடகியே வென்றார். அவர் வென்றபின் மீண்டும் பாடிய பகுதி தவிர, அன்றைய நிகழ்ச்சியின் படப்பதிவு இன்று கிடைப்பதில்லை. நேரடியாக ஒளிபரப்பி, அத்தோடு காற்றில் விட்டுவிட்ட காலம் அது.

மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இங்கே உண்டு. தொலைக்காட்சிப் படம் பல கிடைக்கோடுகளால் ஆனது. (அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'லைன்' என்ற சொல்லே நம் வரிசை வீடுகளுக்கும் பெயராகி 'லயன்' என மருவிற்று.) அந்நாளில் பிரித்தானியப் படத்துக்குக் கோடுகள் 405, பிரெஞ்சுப் படத்துக்கு 819, மற்றையோர் பலருக்கு 625. ஒருவர் படம் மற்றவர் பெட்டியில் தெரியாது. இதற்குப் பொறியியலாளர் கண்ட உபாயம் எளிமையானது. வந்த படத்தை ஒரு கண்ணாடித் திரையில் ஒளிரவிட்டு, அதன் முன்னே வேறு கணக்குடைய கமராவை நிறுத்தி, திரையையே படம்பிடித்தனர்! படம் சற்று மங்கத்தான் செய்தது. இருந்தாலும் எல்லை கடந்தது.

ஒலிக்கு வேறொரு வழி வகுத்தனர். மேடைப் பாட்டும் வாத்தியமும் கைதட்டும் ஒரு தனிக் கம்பியிற் செல்லும். அதிற் பேச்சுக் கலக்காது. ஒவ்வொரு நாட்டு அறிவிப்பாளரின் குரலும் வேறு வேறு கம்பிகளிற் செல்லும். அந்தந்த நாடு தன் மொழிக் குரலைப் பாட்டோடு கலந்துகொள்ளும். இன்றும் உலக நிகழ்ச்சிகள் இம்முறையிலேயே பரிமாறப்படுகின்றன.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும் அலை தன் குணத்தைக் காட்டியது. 1958 மார்ச் 12ஆம் நாள் ஒல்லாந்தின் ஹில்வெர்சும் நகரில் போட்டி. முதலாவதாகப் பாட வந்தவர் இத்தாலியின் டொமெனிக்கோ மொடுங்ஞோ. அவர் கைகளை விரித்துப் பாடிக்கொண்டிருக்கையில், சில நாடுகளுக்கு ஒளிபரப்பு ஒழுங்காகச் சென்றடையவில்லை. காணாத பாட்டுக்குப் புள்ளி இடுவது எவ்வாறு? எல்லாரும் பாடி முடித்தபின் அவரை மறுபடியும் மேடையேற்றிப் பாடச் செய்தனர். இருமுறை பாடியும் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடந்தான். ஆனால் 'வொலாரே' என்று உலகம் பின்னாளில் அழைத்த அப்பாட்டு, 1959இல் அமெரிக்காவின் கிராமி விருதைப் பெற்றது. அன்று முதலிடம் பெற்ற பாட்டை இன்று நினைவிற் கொண்டோர் சிலரே. நடுவர்களின் காதைப் பற்றி நாம் ஏதும் சொல்லவில்லை. கருவி பழுதானால் மறுமுறை வாய்ப்பளித்த நீதியைத்தான் மெச்சுகின்றோம்.

இனிப் புள்ளி வரும் வழி. லுகானோவில் நடுவர்கள் நேரிலே வந்து அமர்ந்திருந்தனர். 1957இல் பிராங்பர்ட் நகரில் முறை மாறிற்று. நடுவர் தத்தம் நாட்டிலேயே இருந்து, தொலைபேசியில் புள்ளிகளைச் சொன்னார்கள். மேடையில் பெரிய பலகையில் அவை ஏறின. படம் ஒரு மேடையிலிருந்து எத்தனையோ நாடுகளுக்குப் பரவுகின்றது. ஆனால் திரும்பி வருவதற்குக் கிடைத்தது ஒரு மெல்லிய தொலைபேசிக் கம்பி. பல நாடுகளிலிருந்து ஒரே நேரத்திற் படத்தைத் திருப்பியனுப்புவது பெருஞ்செலவும் சிக்கலும் உடையது. நாட்டுப் பிரதிநிதிகளின் முகம் திரையில் முதன்முதலாகத் தோன்றியது 1994ஆம் ஆண்டிலேதான். அதுவரை முப்பத்தேழு ஆண்டுகள் அவர்கள் குரல் மட்டுமே. நேயர்களின் தொலைபேசி வாக்கு 1997இல் ஐந்து நாடுகளிற் பரீட்சிக்கப்பட்டுப் பின்னர் பரவியது.

நம் மலைகளுக்குத் திரும்புவோம். பள்ளத்தாக்கின் இருளை நீக்கியது செய்மதி. 1945ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஆதர் சீ. கிளார்க் ஓர் ஆங்கில வானொலிச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் அஞ்சல் நிலையங்களை நிறுத்தினால், அவை பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தில் நிற்பன போலத் தோன்றும் என்பதே அதன் சாரம். 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து 2008இற் கொழும்பில் மறைந்தவர் அவர். அவர் எண்ணியவாறே இன்று செய்மதிகள் நிற்கின்றன. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே மட்டும் இருப்பதால், நம் தலைக்கு மேலே உள்ள செய்மதியைப் பார்க்கும் டிஷ் ஏறக்குறைய வானத்தையே அண்ணாந்து நோக்குகின்றது. ஐரோப்பாவின் வடபுறத்தில் அதே டிஷ் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரு குன்று நின்றாலும் மறைத்துவிடும். மேலே நோக்குவதற்கு எந்த மலையும் தடையில்லை. மஸ்கெலியாவின் கீழ்ப்பிரிவும் மேற்பிரிவும் அன்று முதல் ஒன்றாயின.

சென்னையில் நிகழ்ந்த அந்தச் சிறுவர் போட்டி பெரும்பாலும் முன்னரே பதிவு செய்து ஒழுங்குபடுத்தி ஒளிபரப்பப்பட்டது. அந்தப் பதிவு வானுக்கு ஏறி இறங்க 72,000 கிலோமீற்றர் செல்லவேண்டும். ஒளியின் வேகத்தில் அதற்குக் கால் விநாடி. ஒரே குறை, பெருமழை. செய்மதி அனுப்பும் அலையின் நீளம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். பருவமழையின் பெருந்துளிகள் அதனை உறிஞ்சிச் சிதறடிக்கும். ஜூன், ஜூலையில் ஹற்றன் பக்கத்தில், நடுவர் வாய் திறக்கும் நேரம் பார்த்துப் படம் உறைந்து நிற்பது அதனாலேதான். பனிமூட்டத்தை வீணே பழிக்கவேண்டா. அதன் துளிகள் மிகச் சிறியவை.

இப்படி வருகின்ற வழி அகன்றுவிட்டது. போகின்ற வழி? இன்று இத்தகைய போட்டிகள் பலவற்றுக்கு முதற்படி, கைத்தொலைபேசியிற் பதிந்து அனுப்பும் பாட்டு. ஒளிபரப்புக் கோபுரத்தின் வலிமை கிலோவாற்றுக் கணக்கில். நம் கைத்தொலைபேசி வீசும் வலிமை கூடியபட்சம் ஒரு வாற்றின் ஐந்திலொரு பங்கு. ஆகையால் படம் வந்து சேரும் இடத்திலிருந்தும் படத்தை அனுப்ப இயலாது போகின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, நம் நாட்டுக் கிராமப் பிள்ளைகள் பாடம் கேட்க மேட்டிலும் பாறையிலும் மரத்திலும் ஏறி அலை தேடியதைச் செய்திகளிற் கண்டோம். அன்று அன்ரனா ஏறிய உயரத்துக்குப் பிள்ளைகளே ஏறினார்கள்.

பாடும் பிள்ளை உள்ள வீட்டாருக்குச் சில குறிப்புக்கள். பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 அதிர்வுகளுக்கு இடைப்பட்ட ஒலியையே கடத்தும். நடுவரின் புள்ளிக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. இன்றைய அழைப்புக்கள் சற்று மேம்பட்டிருப்பினும், அழைப்பிற் பாடிக் காட்டுதல் கூடாது, பதிந்தே அனுப்புக. தகரக் கூரையில் மழை விழும்போது பதியவேண்டா. பிள்ளையின் பின்புறச் சுவரில் ஒரு கம்பளியை விரித்துத் தொங்கவிட்டால் காம்பிராவின் எதிரொலி அடங்கும். கருவியை வாயருகே பிடியாமல், ஒரு முழம் தள்ளிக் கண்ணுக்கு நேரே வைக்கவேண்டும். பதியும்போது அழைப்புக்கள் வராதபடி தொடர்பை நிறுத்திவிடுக. வீட்டிலே பதிந்து முடித்தபின், கோபுரம் நேரே கண்ணுக்குத் தெரியும் ஒரு மேட்டுக்கு, பிறர் அதிகம் பயன்படுத்தாத அதிகாலை வேளையிற் கொண்டு செல்க. வாட்ஸ்அப் வழியாக அனுப்புவதாயின் ஒளிப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்தால், குரல் நசுங்காமற் போய்ச் சேரும். அனுப்பி முடிந்தது என்ற குறி விழும்வரை மேட்டைவிட்டு இறங்கவேண்டா.