பிஎச்.டி மாணவருக்குச் சம்பளம் போடுவது யார்?

வேலையை விட்டுட்டு பிஎச்.டி சேரலாமா என்று யோசிக்கிறீர்களா? ‘மாசம் 37,000 ரூபாய் தர்றாங்களாமே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தருகிறார்கள்தான். ஆனால் யாருக்கு, எப்போது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கியவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பிறகு எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. ஹாஸ்டல் இடம் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியைக் கணக்கில் வைத்து உயர்த்தப்பட்ட தொகை இது.

அதே மத்தியப் பல்கலைக்கழகத்தில், அதே லேபில், பக்கத்து மேசைக்காரர் ஜேஆர்எஃப் இல்லாமல் சேர்ந்தவராக இருக்கலாம். அவருக்கு ‘நான்-நெட்’ உதவித்தொகை, 8,000 ரூபாய். 2015-ல் யுஜிசி இதை நிறுத்தப் பார்த்தது. மாணவர்கள் டெல்லியில் யுஜிசி அலுவலகத்தின் முன்னாலேயே உட்கார்ந்து போராடினார்கள். உதவித்தொகை தப்பியது, தொகை நகரவில்லை. 2023-ல் மற்றவர்களுக்கு ஏறியபோதும் அதே 8,000தான். டெல்லியில் இதை வைத்து ஒரு ரூம் எடுத்துப் பாருங்கள்! இன்னொரு பக்கம், ஐஐடி போன்ற இடங்களில் பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்குத் தொடக்கமே 70,000.

மூன்றாவது வழி, பேராசிரியரின் புராஜெக்ட் பணம். புராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது, தீசிஸ் பாதியில் நின்றாலும் சரி. போன தவணைக்குச் செலவுச் சான்றிதழ் போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது.

தாமதம் எங்கே? யுஜிசி உதவித்தொகைக்கு நீங்கள் வேலை செய்ததைப் பல்கலைக்கழகம் மாதாமாதம் போர்ட்டலில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு கிளார்க் லீவு போட்டால் போதும், உங்கள் வாடகை தள்ளிப்போகும். எஸ்ஆர்எஃப் ஒருவருக்கு நாலு மாதம் நின்றால் 1,68,000 ரூபாய். அது அரியராக மொத்தமாக வந்துவிடும், ஆனால் வீட்டு ஓனர் அதுவரை காத்திருக்க மாட்டார். நீங்கள் ஊழியரும் அல்ல என்பதால் பிஎஃப் கிடையாது.

சேர்வதற்கு முன் பேராசிரியரிடம் கேளுங்கள்: ‘சார், பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? புராஜெக்ட் எந்த மாதம் முடியுது?’ பிறகு அந்த லேபின் சீனியரைத் தனியாகப் பிடித்து, கடைசியாகப் பணம் எப்போது வந்தது என்று கேளுங்கள்.