ஒரு நாவலும் நமது பாடத் திட்டமும்

கல்லூரியில் பயிலும் நமது சகோதரியின் மகள், விடுமுறைக்குக் குயிலாப்பாளையம் வந்தபோது கவிஞர் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யையும் உடன் கொண்டு வந்தாள். "இதைப் படிக்கலாமா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று சகோதரி அதை நம் கையில் தந்தார். தணிக்கை செய்யும் எண்ணத்தோடுதான் நாம் முதல் பக்கத்தைத் திறந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

2004இல் காலச்சுவடு வெளியிட்ட இந்நூல், இரு கவிதைத் தொகுப்புகளுக்குப் பின் வந்த அவரது முதல் நாவல். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இல் வெளியானது. இவ்வளவு புகழ் சூழ்ந்த நூலை நெருங்கும்போது வியப்பும் ஐயமும் ஒருசேர எழுகின்றன.

வியந்த இடங்கள் உண்டு. நோன்பு இரவுகளின் பரபரப்பு, அடுக்களைப் பேச்சு, பெண்கள் தமக்குள் பகிரும் கேலியும் கண்ணீரும் ஆகியவற்றை நம் வீட்டு ஆண்கள் எவரும் இத்தனை அருகிலிருந்து கேட்டதில்லை. சிறுமி ராபியா திரைப்படம் பார்த்துவிட்டு வந்து அடிபடும் இடத்தில் நாம் நூலை மூடிவைத்துவிட்டு, மதரஸாவில் நமது பிரம்பு எங்கிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தோம்.

உறுத்திய இடங்களும் உண்டு. பாத்திரங்கள் பெருகி உறவுமுறை குழம்புகிறது. உடலைப் பற்றிய பேச்சு சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கிறது. குடும்பத்தார் முன் உரக்க வாசிக்கத் தக்க நூலன்று. ஆண்களில் பலர் நிழலாகவே நிற்கின்றனர். தோப்பில் முஹம்மது மீரானும் தம் முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் நமது சமூகத்தைக் கடுமையாகவே விமர்சித்தார். ஆயினும் அவரது கொடிய முதலாளிகூட முழு மனிதராக நம் கண்முன் நடமாடுகிறார். வெளியார் சிலர் ஓர் ஊரின் கதையை இஸ்லாத்தின் அறிக்கையாகப் படிப்பதும் நமக்கு வருத்தமே. அந்தப் பிழை படிப்போருடையது. அதை எழுதியவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று.

நமது பெரிய மனத்தாங்கல் ஃபிர்தவ்ஸ் பற்றியது. மணமான இரவிலேயே கணவனை வேண்டாமென்று சொன்னவள். பின்னர் வேறொரு உறவுக்காகப் பெற்ற தாயாலேயே நஞ்சருந்தத் தூண்டப்படுபவள். மார்க்கத்தின் பெயரால் அச்சுறுத்துவோரை இவ்வளவு எழுதியவர், மார்க்கம் பெண்ணுக்கு அளித்த உரிமையைப் போதிய அளவு எழுதவில்லையே என்று குறைபட்டோம். அதையே மருமகளிடமும் சொன்னோம்.

அவள் கேட்டாள்: "மாமா, மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று ஒரு பெண் சொன்னால் அது பாவமா?"

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியைப் பற்றிக் கூறினோம். கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லாமலே அவர் நபி (ஸல்) அவர்களிடம் பிரிவு கேட்டு வந்தார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று மட்டும் வினவி, நபியவர்கள் பிரிவுக்கு வழிசெய்தார்கள். புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது. விருப்பமின்றித் தந்தையால் மணமுடிக்கப்பட்ட கன்ஸா (ரலி) அவர்களின் நிக்காஹை நபியவர்கள் ரத்து செய்ததையும் சொன்னோம்.

அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். "இதை மதரஸாவில் எந்த வயதில் சொல்லித் தருகிறீர்கள்?"

நம்மிடம் பதிலில்லை. பதினெட்டு ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். உளூவின் ஃபர்ளுகளை உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கணவனுக்குக் கீழ்ப்படிதல் பற்றித் தனிப் பாடமே உண்டு. குலா என்ற சொல்லை ஒருமுறையும் கரும்பலகையில் எழுதியதில்லை. கேட்டால், சிறுபிள்ளைகள், பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று சாக்குச் சொல்லியிருப்போம். நாவலாசிரியர் எழுதாமல் விட்டார் என்று நாம் குறைபட்டதை, நாமே சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

நூலைச் சகோதரியிடம் திருப்பிக் கொடுத்து, "மகள் படிக்கட்டும், அவளுக்குப் பின் நீயும் படி" என்றோம். உடலைப் பற்றிய அந்தப் பக்கங்கள் குறித்த நமது கருத்து இன்னும் மாறவில்லை. சென்ற வாரம் மூத்த மாணவிகளின் வகுப்பில் அந்தத் தோட்டத்தின் நிகழ்ச்சியைச் சொன்னோம். இரண்டு தந்தையர் நம்மைச் சந்திக்க வேண்டுமென்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், ஜும்ஆவுக்குப் பின் அவர்களோடு பேசவிருக்கிறோம்.